ஆபரேஷனுக்குப் பிறகுதான் வைத்தியம்

எடை குறைப்பு அறுவை செய்துகொள்ள சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறவர்கள் சில நாட்களில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். சிக்கல்கள் பலவும் அதற்குப் பிறகே வருகின்றன. அவற்றை அடையாளம் கண்டுகொள்ள சித்தூரும் திருப்பதியும் தயாராக வேண்டும்.

சித்தூரிலிருந்து வேலூர் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பஸ் பயணம். திருப்பதியிலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். பெங்களூர் இன்னும் சற்று தூரம். பெரிய வியாதி என்றால் இந்த மூன்று ஊர்களில் ஒன்றுக்குப் பெட்டியைக் கட்டுவது சித்தூர்ச் சீமைக்குப் பழகிப்போன விஷயம். தாத்தா கண் ஆபரேஷனுக்குப் போனார், அப்பா இதய ஆபரேஷனுக்குப் போனார். பேரனோ பேத்தியோ இப்போது எடையைக் குறைக்கப் போகிறார்கள்.

வித்தியாசம் ஒன்று உண்டு. கண்ணில் புரை எடுத்தால் விஷயம் பெரும்பாலும் அத்துடன் முடிந்தது. இரைப்பையின் பெரும் பகுதியை வெட்டி எடுத்தால் அன்றுதான் விஷயம் தொடங்குகிறது. ஆபரேஷன் இரண்டு மணி நேரம், மருத்துவமனை வாசம் மூன்று நான்கு நாள். அதற்குப் பிறகு சாப்பாடு, தண்ணீர், மாத்திரை, ரத்தப் பரிசோதனை என்று ஆயுள் முழுவதும் நீளும் ஒரு கணக்கு. அறுவை செய்த டாக்டர் பெருநகரத்தில் இருக்கிறார். இரவு பத்து மணிக்கு வாந்தி நிற்காவிட்டால் ஓடுவது பக்கத்துத் தெரு நர்ஸிங் ஹோமுக்கு. அங்கே இருப்பவர் இப்படி ஒரு நோயாளியை அதற்கு முன் பார்த்திருக்கவே மாட்டார். நோயாளியின் உயிரும் மூளையும் சில சமயம் இந்த இடைவெளியில்தான் தொங்குகின்றன.

பெருத்துவரும் பிரச்சினை

பருமன் இனி பணக்காரர்களின் தொல்லை அல்ல. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஆந்திரப் பிரதேசத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 36.3 சதவீதத்தினரும் ஆண்களில் 31.1 சதவீதத்தினரும் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். தமிழ்நாட்டில் இது இன்னும் அதிகம்: பெண்கள் 40.4 சதவீதம், ஆண்கள் 37 சதவீதம். அகில இந்திய அளவில் நான்கில் ஒருவர் என்ற நிலையை நெருங்குகிறது.

இவர்களில் மிகச் சிலருக்கே அறுவை தேவைப்படும். அளவுகோல் பி.எம்.ஐ. எனப்படும் உடல் எடைக் குறியீடு. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இது கிடைக்கும். 160 சென்டிமீட்டர் உயரமும் 100 கிலோ எடையும் உள்ளவருக்குச் சுமார் 39. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1991ல் வகுத்த விதி 40க்கு மேல், அல்லது கடுமையான இணை நோய்கள் இருந்தால் 35க்கு மேல் என்றது. 2022ல் சர்வதேச அறுவை நிபுணர் அமைப்புகள் இதைத் தளர்த்தின. இப்போது 35க்கு மேல் என்றாலே அறுவையைப் பரிந்துரைக்கலாம். குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடும் ஆசியர்களுக்கு 27.5லிருந்தே யோசிக்கலாம்.

காப்பீட்டு நிறுவனங்கள் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2019ல் வகுத்த விதிகளின்படி, வயது 18 நிறைந்து, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்து, டாக்டர் பரிந்துரைத்தால் பருமன் அறுவைக்கான செலவைக் கோரலாம். கட்டுக்கு அடங்காத நீரிழிவு, இதய நோய், தூக்கத்தில் மூச்சுத் திணறல் போன்றவை இருந்து, மற்ற சிகிச்சைகள் பலிக்காமல் போயிருந்தால் 35 போதும். பாலிசி எடுத்தபின் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எப்படியானாலும் ஆபரேஷனுக்குக் கிடைக்கும் பணம், அதற்குப் பின் ஆண்டுக்கணக்கில் வாங்க வேண்டிய வைட்டமின் மாத்திரைகளுக்கு பெரும்பாலும் கிடைக்காது. முடிவெடுக்கும்போது குடும்பங்கள் போடத் தவறும் கணக்கு இது.

அறுவையில் இரண்டு வகைகள் பிரபலம். ஒன்று 'ஸ்லீவ்': இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு மீதியை வாழைப்பழம் போல ஒரு குழாயாகத் தைப்பது. மற்றது 'பைபாஸ்': இரைப்பையின் மேல் பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பது. இரண்டிலும் பசி குறைகிறது. பைபாஸில் சத்துகள் உறிஞ்சப்படுவதும் குறைகிறது. 120 கிலோ எடையுள்ளவர் ஒன்றிரண்டு ஆண்டுகளில் 30 கிலோவுக்கு மேல் இழப்பது சாதாரணம்.

பலன் உண்மையானது. ஸ்வீடனில் 1987ல் தொடங்கி நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடம் மரண விகிதம் கணிசமாகக் குறைந்திருந்ததை 2007ல் காட்டியது. அபாயமும் பலர் நினைக்கும் அளவு இல்லை. 2009ல் வெளியான அமெரிக்க ஆய்வில் சுமார் 4,800 பேரில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். பெரிய சிக்கல் ஏற்பட்டவர்கள் 4.3 சதவீதம். ஆனால் அந்த நோயாளிகள் தேர்ந்த மையங்களில் அறுவை செய்துகொண்டு, தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

முதல் முப்பது நாள்

மத்திய நிதியமைச்சராக இருந்த அருண் ஜேட்லி 2014 செப்டம்பர் தொடக்கத்தில் டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த அறுவையைச் செய்துகொண்டார். நீரிழிவைக் கட்டுக்குள் கொண்டுவருவதே நோக்கம். அதே மாதப் பிற்பகுதியில் அவர் மீண்டும் மருத்துவமனையில், இம்முறை எய்ம்ஸில், சேர வேண்டியிருந்தது. பிறகு தேறி வேலைக்குத் திரும்பினார். 2015 பிப்ரவரியில் பட்ஜெட்டையும் தாக்கல் செய்தார். ஓர் அமைச்சருக்கு எய்ம்ஸ் கூப்பிடு தூரத்தில் இருந்தது. புத்தூரிலோ பலமநேரியிலோ கடை வைத்திருப்பவருக்கு அப்படி இல்லை.

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் எடை குறைப்பு அறுவைக்காகச் சென்னைப் புறநகர் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்து உயிரிழந்தார். தமிழக அரசு விசாரணைக் குழு அமைத்தது. எந்த இடத்தில் அறுவை செய்துகொள்வது, அவசர காலத்துக்கு அங்கே என்னென்ன வசதி இருக்கிறது என்ற கேள்விகள் அப்போது பலமாக எழுந்தன.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் வேறொரு சிகிச்சையும் இதோடு சேர்த்துக் குழப்பப்படுகிறது. தெலுங்கு நடிகை ஆர்த்தி அகர்வால் 2015 ஜூனில் அமெரிக்காவில் இறந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு அவர் செய்துகொண்டது கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் 'லைப்போசக்ஷன்'. 2022 மே மாதம் பெங்களூரில் இறந்த கன்னட நடிகை சேத்தனா ராஜ் செய்துகொண்டதும் கொழுப்பை அகற்றும் சிகிச்சைதான். அது தோலுக்கு அடியில் நடப்பது, உருவத்தைச் சீராக்குவதற்கானது. இரைப்பை அறுவை உடம்பின் ஜீரண ஏற்பாட்டையே மாற்றுவது. இரண்டின் அபாயங்களும் வேறு, கண்காணிப்பும் வேறு.

இரைப்பை அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் டாக்டர்கள் பயப்படுவது மூன்றுக்கு: தையல் போட்ட இடத்தில் கசிவு, ரத்தப் போக்கு, காலில் ரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போய் அடைப்பது.

இதில் கசிவு தந்திரமானது. நோயாளி வீடு திரும்பிய பிறகும் வரலாம். சாதாரணமாக வயிற்றுக்குள் சீழ் பிடித்தால் வயிறு கல் போல இறுகும். பருமனானவர்களுக்கு அந்த அடையாளம் தெரியாமல் போகலாம். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் 'கேஸ்தான்' என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. இங்கே காட்டிக் கொடுப்பது நாடித் துடிப்பு. ஓய்வில் இருக்கும்போதே நிமிடத்துக்கு 120க்கு மேல் ஓடி, குறையாமலே இருந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் அலட்சியம் கூடாது. இடது தோளில் வலி, மூச்சு வாங்குதல், இனம் தெரியாத பதற்றம் ஆகியவையும் எச்சரிக்கைகள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சுத் திணறினாலோ அது ரத்த உறைவாக இருக்கலாம். அறுவை நடந்த அன்று மாலையே நோயாளியை எழுப்பி நடக்கவைப்பது இதைத் தடுக்கத்தான். 'பச்சை உடம்பு, படுத்திருக்கட்டும்' என்று வீட்டில் கட்டிலோடு கட்டிப்போடும் பாசம் இங்கே உதவாது.

உள்ளூர் டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: வாந்தி எடுக்கிறாரே என்று வழக்கம்போல மூக்கு வழியாகக் குழாயைச் செருகக் கூடாது. புதிய தையலில் அது துளை போட்டுவிடலாம். அறுவை செய்தவரிடம் போனில் பேசாமல் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

குளுக்கோஸ் பாட்டிலில் ஒளிந்திருப்பது

முதல் மாதம் நல்லபடியாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த அபாயம் ஓசையில்லாமல் வருவது.

வைட்டமின் பி1, அதாவது தயமின், உடம்பில் மிகக் குறைவாகவே சேமிக்கப்படுகிறது. சாப்பாட்டில் வராவிட்டால் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். அறுவைக்குப் பின் சாப்பாடு கொஞ்சம்தான். அதோடு வாந்தியும் சேர்ந்தால் அந்தக் கொஞ்சமும் தங்காது, மாத்திரையும் தங்காது. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் அறிகுறிகள் தொடங்குகின்றன. பார்வை இரண்டாகத் தெரிகிறது, கருவிழி துள்ளுகிறது. நடை தள்ளாடுகிறது, கால் மரத்துப் போகிறது. பேச்சு குழறி, நாளும் கிழமையும் மறந்து போகின்றன. வீட்டார் இதைப் 'பலவீனம்' என்கிறார்கள். ஜெர்மானிய டாக்டர் வெர்னிக்கே 1881ல் விவரித்த மூளைப் பாதிப்பு இது. உடனே கவனித்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடலாம்.

நல்ல எண்ணத்தோடு செய்யும் காரியமே இங்கே கெடுதலாகிறது. வாந்தியும் சோர்வுமாக வருகிறவருக்கு நம் ஊர்களில் முதலில் ஏறுவது குளுக்கோஸ் டிரிப்ஸ். சர்க்கரையைச் சக்தியாக மாற்ற பி1 தேவை. மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்ச பி1ஐயும் குளுக்கோஸ் விழுங்கிவிட, அதுவரை தள்ளாடிக் கொண்டிருந்தவர் சில மணி நேரங்களில் மயக்கநிலைக்குப் போய்விடலாம். முதலில் பி1 ஊசி, பிறகே குளுக்கோஸ் என்பது மருத்துவ விதி. அந்த ஊசி அரிதானதும் அல்ல, விலை உயர்ந்ததும் அல்ல. அறுவை நடந்திருக்கிறது என்பதை யாராவது சொல்ல வேண்டும், கேட்பவருக்கு அதன் பொருள் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

தென்னிந்தியாவுக்கு இந்தக் குறைபாடு புதிதல்ல. பி1 குறைந்தால் வரும் 'பெரிபெரி' நோய் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆந்திரக் கடலோரத்தின் வட சர்க்கார் மாவட்டங்களில் பலரை முடக்கிப் போட்டது. அங்கே மக்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்ப் பகுதிகள் பெரிதும் தப்பின. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள உறவை குன்னூரில் இருந்தபடி ராபர்ட் மக்கேரிசன் 1920களில் ஆராய்ந்தார். சாப்பாடு மேம்பட, நோயும் மறைந்துபோனது. இளம் டாக்டர்கள் பாடப் புத்தகத்தில் மட்டுமே படித்த அந்த வியாதி இப்போது வேறு வாசல் வழியாகத் திரும்ப வருகிறது. அன்று வறுமையும் ஆலை அரிசியும். இன்று லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்துகொண்ட அறுவை.

களியும் லட்டும்

சமையலறையில் மாற்றம் படிப்படியாக நடக்க வேண்டும். முதலில் தெளிந்த நீராகாரங்கள். பிறகு இரண்டு வாரம் வரை பால், மோர், பருப்புத் தண்ணீர். அதன் பின் மிக்ஸியில் அரைத்த கூழ் போன்ற உணவு. ஒரு மாதம் கழித்து மென்மையான சாப்பாடு. இரண்டு மாத வாக்கில் வழக்கமான உணவு, சிறிய அளவில். தேதிகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறும். வரிசையைத் தாண்டிக் குதிப்பதுதான் வினை.

கேழ்வரகுக் களியை மெல்லாமல் உருட்டி விழுங்கிப் பழகிய சீமை இது. புதிய, குறுகலான இரைப்பையில் அந்த உருண்டை அப்படியே சிக்கிக்கொள்ளலாம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம், கூழாகக் கரைத்துக் குடிக்க நல்லது. ஆனால் அதில் புரதம் குறைவு. அறுவைக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 200 மில்லி பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. சைவக் குடும்பத்தில் பருப்பு, பால், தயிர், பனீர், பொட்டுக்கடலை எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு நிறையும். தட்டில் முதலில் பருப்பு, பிறகு காய், இடம் இருந்தால் சோறு என்று வரிசை தலைகீழாக வேண்டும். ஒரு வாய்க்கு இருபது தடவை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி வேண்டும்.

ஆனால் நாள் முழுவதும் வாய் வாயாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், குறைந்தது ஒன்றரை லிட்டர். நீர் வற்றிப்போவது நோயாளிகள் மறுபடி மருத்துவமனையில் சேர்வதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. திருப்பதிக் கோடையில் இதைச் சொல்லவே வேண்டாம். புரட்டாசிச் சனிக்கிழமை விரதமும் ஏகாதசி பட்டினியும் முதல் வருடத்தில் வேண்டாம் என்பதைப் பக்தியுள்ள குடும்பங்கள் சங்கடத்தோடுதான் ஏற்கும். மலைப்பாதைக்கும் இது பொருந்தும். நடை நல்லது. ஆனால் 'ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் நடந்தே ஏறுகிறேன்' என்று வேண்டிக்கொண்டவர்கள் அலிபிரியின் 3,550 படிகளைச் சில மாதம் தள்ளிப்போடலாம். பெருமாள் காத்திருப்பார்.

பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இனிப்பு தனிச் சோதனை. சர்க்கரையும் நெய்யும் நேராகக் குடலில் போய் விழும்போது, பத்து நிமிடம் முதல் அரை மணிக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிடிப்பு, பேதி. 'டம்பிங்' என்று இதைச் சொல்கிறார்கள். இன்னும் சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சரேலென்று இறங்கித் தலை சுற்றும். இதய வலி என்று பயந்து ஓடுகிறவர்களும் உண்டு. பிரசாத லட்டு என்றால் ஒரு சிட்டிகை போதும். சித்தூரின் மாம்பழ சீசனிலும் அதே கட்டுப்பாடு. ஒரு சின்னத் துண்டு போகலாம், டம்ளர் நிறைய ஜூஸ் ஆகாது.

பெண்களை அதிகம் அழவைப்பது முடி. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை சீப்போடு கொத்துக் கொத்தாக வரும். முடியைக் காணிக்கையாகக் கொடுக்கும் ஊரிலேயே இருந்தாலும் தானாகக் கொட்டினால் தாங்கமாட்டார்கள். எடை வேகமாகக் குறையும்போது உடம்பு காட்டும் எதிர்வினை இது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் வளர்ந்துவிடும். அதன் பின்னும் கொட்டினால் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

நன்றாக இருக்கிறேனே!

ஆறு மாதம் ஆனதும் பழைய சட்டைகள் தொளதொளக்கின்றன. சர்க்கரை இறங்கியிருக்கிறது. கல்யாண வீட்டில் அடையாளம் தெரியவில்லை என்கிறார்கள். மாத்திரைகள் நிற்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். 'நன்றாகத்தானே இருக்கிறேன்!'

இரும்புச் சத்தும் பி12ம் குறைவது மாதங்களில், சில சமயம் வருடங்களில் தெரியும். அதற்குள் ரத்த சோகையும் கால் எரிச்சலும் வந்துவிடும். கால்சியமும் வைட்டமின் டியும் குறைந்தால் எலும்பு தேயும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று மற்றதைத் தடுக்கும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை. இதற்கு முடிவுத் தேதி கிடையாது.

எடை மளமளவென்று குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகலாம். அதைத் தடுக்கச் சில மாதங்களுக்கு மாத்திரை தருவார்கள். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. வயிற்றுக்குள் கொழுப்பு கரைந்து உருவாகும் இடைவெளியில் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்ளலாம். சாப்பிட்டதும் வந்து வந்து போகும் வலிதான் அறிகுறி. ஒரு வருடம், ஐந்து வருடம் கழித்தும் வரலாம். சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். சி.டி. ஸ்கேனும் அறுவை நிபுணரின் கண்ணும் தேவை.

மருந்துக் கடையிலும் எச்சரிக்கை வேண்டும். முட்டி வலிக்கு யாரையும் கேட்காமல் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் புதிய இணைப்பில் புண் உண்டாக்கி ரத்தம் கசியவைக்கும். சிகரெட்டும் அதையே செய்யும். நீரிழிவு, ரத்த அழுத்த மருந்துகளின் அளவை எடை குறையக் குறைய டாக்டர் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பழைய சீட்டைக் காட்டிப் பழைய அளவையே வாங்கிச் சாப்பிட்டால் மயங்கி விழ நேரும்.

குழந்தை இல்லாத ஏக்கத்தில் அறுவைக்குப் போகும் பெண்கள் உண்டு. எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு சட்டென்று கூடுகிறது. ஆனால் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் தாயின் பற்றாக்குறை குழந்தையைப் பாதிக்கும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பவும் முடியாது. புகுந்த வீட்டின் அவசரத்துக்கு முன்னால் இதைச் சொல்ல ஒரு மருமகளுக்குத் துணை வேண்டும். அந்தத் துணை டாக்டராகவோ கணவராகவோ இருந்தாக வேண்டும்.

ஆண்கள் பேசாத விஷயம் மது. அறுவைக்குப் பின் ஒரு பெக் பழைய இரண்டு மூன்று பெக்கின் வேகத்தில் ஏறும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் பறிபோன சிலர், இரண்டாம் வருடத்திலிருந்து பாட்டிலில் அதைத் தேடத் தொடங்குவதை ஆய்வுகள் காட்டுகின்றன. மனச்சோர்வும் அப்படித்தான். எடை இறங்கினால் எல்லாக் கவலையும் இறங்கிவிடும் என்று நம்பியவர்களை, தொங்கும் தோலும் தீராத பிரச்சினைகளும் ஏமாற்றிவிடுகின்றன. மனநல ஆலோசனை அறுவைக்கு முன் ஒரு கையெழுத்துக்காக மட்டும் நடந்தால் போதாது.

கைவசம் இருப்பவை

சித்தூருக்கும் திருப்பதிக்கும் வசதி இல்லாமல் இல்லை. திருப்பதியில் 1993ல் இயங்கத் தொடங்கிய ஸ்விம்ஸ் இருக்கிறது, எஸ்.வி. மருத்துவக் கல்லூரியின் ரூயா மருத்துவமனை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. சித்தூர் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு வளாகம் வைத்திருக்கிறது. சித்தூருக்கு அருகே உள்ள அரகொண்டா கிராமத்தில் 2000ஆம் ஆண்டிலேயே தொலைமருத்துவம் தொடங்கியது. அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் இந்தியா வந்தபோது தொடங்கிவைத்த திட்டம் அது. நகரத்து டாக்டர் திரையில் தெரிந்து கிராமத்து நோயாளியை விசாரிக்கலாம் என்பதை இந்த மாவட்டம் மற்ற இடங்களுக்கு முன்பே பார்த்துவிட்டது. 2020ல் மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கு முறையான விதிகளும் வகுத்துவிட்டது.

குறைவது பாலம்தான். டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் நான்கு பக்கம் இருக்கும். வீட்டில் பேசுவது தெலுங்கு அல்லது தமிழ், இந்த எல்லைச் சீமையில் பல வீடுகளில் இரண்டும். எனவே ஊர் திரும்பும் முன் ஒரே ஒரு தாளைக் கேட்டு வாங்க வேண்டும். என்ன அறுவை, எந்தத் தேதி, அறுவை செய்த டாக்டரின் இரவு நேர போன் நம்பர், தரக்கூடாத வலி மாத்திரைகள், 'வாந்தி என்றால் குளுக்கோஸுக்கு முன் பி1 ஊசி' என்ற ஒரு வரி. இதைப் பர்ஸில் ஒன்று, பீரோவில் ஒன்று என்று வைக்கலாம். வீட்டுப் பக்கத்து டாக்டரை முன்கூட்டியே பார்த்து அவரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடலாம். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. மாதத்துக்கு எத்தனை அறுவை செய்கிறீர்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டடத்தில் இருக்கிறதா? ஒரு வருடம் கழித்து என்னைப் பார்க்கப் போவது யார்? மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

அறுவை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கைக்கு எல்லை உண்டு என்பதை 2017 காட்டியது. சுமார் 500 கிலோ எடையோடு எகிப்திலிருந்து மும்பைக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்ட இமான் அகமதுக்கு மார்ச்சில் ஸ்லீவ் அறுவை நடந்தது. எடை பெருமளவு குறைந்தது. மே மாதம் அபுதாபிக்கு மாற்றப்பட்டார். செப்டம்பர் 25ல் அங்கே இறந்தார். அவர் நிலை மிக அபூர்வமானது, வேறு நோய்களும் பல. அதற்கு நேர் எதிராக, 2011ல் அறுவை செய்துகொண்ட நிதின் கட்கரி போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடியாடி வேலை செய்கிறார்கள்.

2025ல் இந்தியச் சந்தைக்கு வந்த புதிய எடை குறைப்பு ஊசிகள் கத்தியைத் தவிர்க்க விரும்புகிறவர்களுக்கு வேறு வழி காட்டுகின்றன. ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும். அறுவைக்குப் பிறகும் இரண்டு வருடம் கழித்து ஓரளவு எடை ஏறுவது சகஜம். அது தோல்வி அல்ல. வெட்கப்பட்டு டாக்டரிடம் போகாமல் இருப்பதுதான் தோல்வி.

நல்லபடியாகத் தேறியவர்கள் செய்வது ஒன்றும் அதிசயமல்ல. காலையில் மாத்திரை, பையில் தண்ணீர் பாட்டில், தட்டில் முதலில் பருப்பு, காலண்டரில் அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதி. வேலூருக்கோ சென்னைக்கோ வருடம் ஒரு தடவை பஸ் டிக்கெட்.